பாபின் தீரும்வரை

“அந்த ரெக்கார்டிங் எனக்கு வேணும்.”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டை கட்டியிருந்தவன் டைப் அடிப்பதை நிறுத்தினான். இந்தப் பக்கம் என் உதவியாளன் மியூட் பேசுவதை நிறுத்தினான். இரண்டாவதுதான் பெரிய அதிசயம்.

எங்கள் துப்பறியும் ஏஜென்சியில் முதலாளி எனக்குப் போட்டிருந்த கட்டளை ஒன்றே ஒன்று. “ஃபோன் கம்பெனியில என்ன வேணும்னாலும் கேளு. கத்து, அழு, மேஜையைத் தட்டு. ரெக்கார்டிங்கை மட்டும் கேக்காதே. கேட்டா கேஸ் செத்துடும்.” ஏன் என்று சொல்லவில்லை. விளக்கம் கொடுக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. சம்பளம் கொடுக்கும் பழக்கமே கொஞ்சம் குறைவுதான்.

“எந்த ரெக்கார்டிங் மேடம்?” என்றான் டை.

“‘சேவையின் தரத்துக்காக இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது’ன்னு ஒரு அம்மா தேன் ஒழுகச் சொல்லுமே, அந்தப் பதிவு. தரம் வந்து சேரல. பதிவாவது வரட்டும்.”

அவன் எழுந்து உள்ளே போனான். 

“பாஸ், முதலாளி சொன்னது மறந்துடுச்சா?” என்றான் மியூட்.

“மறக்கல. மீறினேன்.”

மியூட் முன்பு இதே மாதிரி ஒரு கம்பெனியின் கால் சென்டரில் இருந்தவன். பட்டனை அமுக்க மறந்து, வாடிக்கையாளரின் குடும்பத்தைப் பற்றி ஒரு கருத்துச் சொல்லி, அன்றைக்கே வேலை இழந்தவன். அந்தப் பட்டனின் பெயரே அவனுக்கு நிலைத்துவிட்டது.

வரிசை நாற்காலியில் எங்கள் கட்சிக்காரர் உட்கார்ந்திருந்தார். தையல்கார அக்கா. கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. கழற்றி வைக்க மறந்து வந்திருக்கிறார் என்று முதல் நாள் நினைத்தேன், பிறகு அவர் அதைக் கழற்றுவதே இல்லை என்று தெரிந்தது. பக்கத்தில் அவர் வீட்டுக்காரர், மடியில் துணிப்பை. எங்களிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அக்கா எழுந்தால் எழுவார், அக்கா உட்கார்ந்தால் உட்காருவார்.

அக்காவின் நம்பர் ஒரு நாள் திடீரென்று செத்துப்போனது. புகார் கொடுத்தார். ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று கம்பெனி மெசேஜ் அனுப்பியது, செத்துப்போன அதே நம்பருக்கு. மறுபடி வந்தார். மறுபடி தீர்த்தார்கள். “மூடின புகாரைத் திரும்பத் திறக்க முடியாதும்மா, புதுசா ஒண்ணு குடுங்க” என்றார்கள். புதுசாக ஒன்று கொடுத்தார். அதையும் மூடினார்கள். நடுவில், ஓடாத நம்பருக்கு பில் வேறு வந்தது. கடைசியில் ஒருவன் வாயைத் திறந்து, “நீங்களேதானே ஃபோன் பண்ணி நம்பரைச் சரண்டர் பண்ணச் சொன்னீங்க?” என்றான். அக்கா சத்தியம் செய்தார். அவன் புகாரை மூடினான்.

அப்போதுதான் எங்களிடம் வந்தார்.

“என் பொண்ணு கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போயிட்டா பாப்பா. படிச்சு முடிச்ச கையோட போயிட்டா. அவளுக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச ஒரே நம்பர் அது. அதை வேற எவனுக்காவது குடுத்துட்டாங்கன்னா, என் பொண்ணு திரும்பி வர்ற வழியே அடைஞ்சு போயிடும்.”

எனக்குக் கண்ணீர் வராது. அதற்குப் பதிலாகக் கோபம் வரும். அன்றைக்கு நிறைய வந்தது.

எங்கள் வீட்டில் முதன்முதலில் டிகிரி வாங்கியவள் நான். டிகிரியைச் சுவரில் மாட்டினார்கள். என்னைக் கஸ்டமர் கேரில் மாட்டினார்கள். வீட்டுக்கு வரும் பில்லெல்லாம் நான்தான் படிக்க வேண்டும். கம்பெனிக்காரனிடம் நான்தான் பேச வேண்டும், அதுவும் அம்மாவின் பெயரில், அம்மாவாகவே. அவள் பிறந்த தேதியை அவளைவிட நான் வேகமாகச் சொல்லுவேன். அடுத்த வீடு, எதிர் வீடு என்று தெருவுக்கே நான்தான் குரல். ஆகவே ஃபோன் கம்பெனி என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குற்றவாளி யார் என்று முடிவு செய்துவிட்டுத்தான் துப்பறியவே ஆரம்பித்தேன்.

மியூட்டுக்கு மட்டும் இரண்டு நெருடல். ஒன்று, அக்கா காட்டிய மகளின் படம். தலைமுடி ஒரு பக்கம் காதோடும், ஒரு பக்கம் கழுத்தோடும் நின்றது. “பொண்ணுக்கு க்ராப் புடிக்கும்” என்றார் அக்கா. “எந்த சலூன்னு கேட்டு வைங்க பாஸ், அந்தத் தெருப்பக்கமே போகக் கூடாது” என்றான் மியூட்.

இன்னொன்று, அக்கா கேட்ட கேள்வி.

“வந்த நாள்லேர்ந்து பாக்குறேன். ‘நம்பர் திரும்ப வந்தா மெசேஜ் எல்லாம் வருமா, மெசேஜ் வருமா’ன்னே கேக்குறாங்க. ‘கால் வந்துச்சா’ன்னு ஒரு தடவை கூடக் கேக்கல. ஓடிப்போன பொண்ணு அம்மாவுக்கு மெசேஜா போடும்?”

“உன்னை மாதிரி ஓயாமப் பேசுறவங்க மட்டும்தான் ஃபோன்ல பேசுவாங்க. சும்மா இரு.”

அவன் சும்மா இருக்கவில்லை. நான்தான் கேட்காமல் இருந்துவிட்டேன்.

டை திரும்பி வந்தான். முகத்தில் சிரிப்பு. “வாங்க மேடம், கேக்கலாம்.”

எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். ஒரு பில் நகலைத் தருவதற்கு ஏழு கவுன்ட்டருக்கு அலைக்கழிக்கும் கம்பெனி, ரெக்கார்டிங்கை மட்டும் தட்டில் வைத்து நீட்டுகிறது.

“அக்காவும் வரட்டும்.”

“அனுமதிக் கையெழுத்து உங்க பேருக்குத்தான் இருக்கு. ஒருத்தருக்குத்தான் கேக்கக் குடுப்போம். வேணும்னா உங்க ஆள் வரலாம், அவர் பேசாம இருந்தா.”

“உயிரே போனாலும்...” என்று ஆரம்பித்த மியூட், என் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கினான்.

அது ஒரு சின்ன அறை. ஒரு கம்ப்யூட்டர், ஹெட்ஃபோன்கள், சக்கரம் உடைந்த நாற்காலி. சுவரில் ஒரு விளம்பரம்: அப்பா, அம்மா, மகள், மூன்று பேரும் ஒரே ஃபோனைப் பார்த்து வாய் கொள்ளாமல் சிரிக்கிறார்கள்.

“இவங்களுக்கு சிக்னல் கிடைக்குது போல” என்றான் மியூட்.

டை பட்டனைத் தட்டினான்.

‘வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?’

‘என் நம்பரைச் சரண்டர் பண்ணணும்.’

ஒரு பெண் குரல். அவசரம் இல்லை, தடுமாற்றம் இல்லை. பிறந்த தேதி கேட்டான், சொன்னாள். தாயார் பெயர் கேட்டான், சொன்னாள்.

“இது அக்கா குரலே இல்ல” என்றேன். “அவங்க குரல் கட்டை.”

“எங்களுக்குத் தெரிஞ்ச குரல் இதுதான் மேடம்.” டை பழைய பதிவு ஒன்றைப் போட்டான். அப்புறம் இன்னொன்று, அதற்கும் பழையது. சிக்னல் இல்லை என்று ஒரு புகார், பில் அதிகம் என்று ஒரு புகார். குரல் சின்னதாகிக்கொண்டே போனது; ஆனால் அதே குரல். “இந்தக் கஸ்டமர் எப்பப் பேசினாலும் இப்படித்தான் பேசியிருக்காங்க.”

“கொஞ்சம் நிறுத்துங்க. சரண்டர் கால்ல, பின்னாடி ஏதோ ஓடுது.”

மறுபடி போட்டான். குரலுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம் போல, ஒரு தடதடப்பு. அந்தத் தடதடப்பில் ஒரு விக்கல். அக்கா வீட்டுக்குப் போனபோது அந்த விக்கலை நேரில் கேட்டிருக்கிறேன். சக்கரம் தேய்ந்த தையல் மிஷின்.

“அக்கா தைச்சுக்கிட்டு இருக்காங்க!” மேஜையைத் தட்டினேன். “அந்த மிஷினை வேற யாரும் ஓட்ட முடியாது, அவங்களே சொன்னாங்க. கை மிஷின்ல இருக்கு, அப்போ ஃபோன்ல இருக்கிறது வேற ஆளு. யாரோ அவங்க பேரைச் சொல்லி ஏமாத்தியிருக்காங்க, உங்க கம்பெனி வாயைப் பொளந்துக்கிட்டு ஏமாந்திருக்கு.”

டை வாதாடவில்லை. தோளைக் குலுக்கினான்.

“எனக்குப் புகார் மூடணும் மேடம். எப்படி மூடுதுங்கிறது என் கவலை இல்ல. இது கஸ்டமர் குரல் இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. மோசடின்னு போட்டு இன்னைக்கே நம்பரைத் திருப்பிக் குடுத்துடறேன். இனி வர்ற கால், மெசேஜ் எல்லாம் அவங்களுக்கே வரும். அவங்க குரல்தான்னு சொன்னீங்கன்னா மூடிடுவேன், நம்பர் வேற ஆளுக்குப் போயிடும். யோசிச்சு வைங்க, டீ குடிச்சிட்டு வர்றேன்.”

அவன் போனான். ஜெயித்துவிட்டேன். முதலாளியின் கட்டளையை மிதித்து ஜெயித்துவிட்டேன்.

“பாஸ், மிச்சத்தையும் கேட்டுடுவோமே” என்றான் மியூட்.

“மிச்சம் ஹோல்டுதானே? பாட்டுதானே ஓடும்?”

“பாட்டு கஸ்டமர் காதுக்கு. ரெக்கார்டர் தூங்காது. ஹோல்டுல இருக்கும்போது யாரும் கேக்கலைன்னு நினைச்சு ஜனங்க வீட்டுக்குள்ள பேசுறது மொத்தமும் இதுல விழும். நாங்க டீ நேரத்துல அதைப் போட்டுத்தான் கேப்போம். என் பொது அறிவு முழுக்க அப்படி வளர்ந்தது. ஒரு விஷயம் சொல்லவா? நீங்க திட்டுவீங்க.”

“சொல்லு.”

“மிஷின் நிக்கும்போதெல்லாம் பொண்ணு பேச்சும் நிக்குது.”

முதலிலிருந்து போட்டோம். முகவரி சொல்லும்போது, தெருப் பெயர் பாதியில் இருக்கையில், மிஷின் நின்றது. குரலும் நின்றது. ‘ஹலோ? மேடம்? லைன்ல இருக்கீங்களா?’ என்று ஏஜென்ட் கத்துகிறான். பதில் இல்லை. மூச்சுகூட இல்லை. விக்கலோடு மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. தெருப் பெயரின் மீதிப் பாதி வந்தது.

இன்னொரு இடத்திலும் அப்படியே. மூன்றாவது இடத்திலும்.

தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. எங்கள் வீட்டில் அது அப்பாவின் செருப்புச் சத்தம். வாசலில் அது கேட்டால் ரேடியோவைக்கூட அணைத்துவிடுவோம். ஒரு சத்தத்தை வைத்து மூச்சை அளந்து விடுகிற வீடு எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

அப்படியானால் அந்தக் குரல் வெளியாள் குரல் அல்ல. அடுத்த அறையின் குரல். சின்ன வயதிலிருந்தே அம்மா பெயரில் கஸ்டமர் கேரோடு பேசிப் பேசிப் பழகிய, அந்த வீட்டின் முதல் டிகிரிக்காரியின் குரல். அதனால்தான் பழைய பதிவுகளில் அது சின்னதாகிக்கொண்டே போனது. என்னையே கண்ணாடியில் பார்த்துவிட்டு, யாரோ என்று நகர்ந்து போயிருக்கிறேன்.

ஹோல்டு ஆரம்பித்தது. குரல் கிசுகிசுப்பானது.

‘பாட்டுப் போட்டுட்டான்பா.’

‘இன்னும் நேரம் ஆகுமாம்மா?’ ஓர் ஆண் குரல். வாழ்க்கையில் நான் கேட்டிராத குரல். யாருடையது என்று உடனே தெரிந்தது.

‘தெரியலப்பா. பாபின்ல நூல் இருக்கா?’

‘நிறைய சுத்திப் போட்டிருக்கேன். புடைச்சுக்கிட்டு நிக்குது. இப்போதைக்குத் தீராது. நீ பேசு.’

பாபின் என்பது மிஷினுக்கு அடியில் இருக்கும் சின்ன நூல் உருளை. அது தீர்ந்தால் அக்கா எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் மகள் பேசிக்கொண்டிருக்கும் அறையைத் தாண்டித்தான் வர வேண்டும். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர், பெண்டாட்டியை எதிர்த்துத் தன் வாழ்நாளில் செய்த ஒரே கலகம் இதுதான். ஒரு பாபின் நிறைய நூல்.

‘எனக்குன்னு எதை ஆரம்பிச்சாலும் அம்மா நம்பர்தானேப்பா குடுத்து வச்சிருக்கு. பேங்க்குல ஏதாவது பண்ணா ஓடிபி அம்மாவுக்குப் போகுது. வேலைக்கு எழுதிப்போட்டா அதுவும் அம்மாவுக்கு. ஹாஸ்டல்ல ரூம் எடுத்தேன், சாவி என் கைக்கு வர்றதுக்குள்ள மெசேஜ் அம்மா கைக்குப் போயிடுச்சு. துணி வெட்டுற கத்திரிக்கோலோட வந்து நின்னாங்க.’

‘முடி வளந்துடும்மா.’

‘வளரும்பா. வாசல்ல நின்னு எல்லாரும் பாத்தாங்களே, அது? இந்த நம்பர் செத்தாத்தான்பா நான் பொழைப்பேன். இதை வச்சிருக்கிற வரைக்கும் நான் எங்க போய் ஒளிஞ்சாலும் அம்மாவுக்கு மெசேஜ் வரும்.’

மிஷின் நின்றது.

மியூட் என் கையைப் பிடித்தான். அவனுக்கே தெரியாமல் பிடித்திருப்பான்.

தூரத்திலிருந்து ஒரு கட்டைக் குரல்: ‘யாருகிட்டடி பேச்சு?’

‘கஸ்டமர் கேர்மா. பில்லுல ஏதோ தப்பாப் போட்டிருக்காங்க. கேட்டுக்கிட்டு இருக்கேன்.’

‘நல்லாக் கேளு. விடாதே அவனுங்களை.’

மிஷின் மறுபடி ஓடியது.

ஹெட்ஃபோனைக் கழற்றினேன். மியூட் ஒரு ஜோக் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

முதலாளி ஏன் அப்படிச் சொன்னார் என்று இப்போது புரிந்தது. ரெக்கார்டிங் வராத வரைக்கும்தான் கம்பெனிக்காரன் குற்றவாளி. வந்துவிட்டால் நம் கட்சிக்காரர்.

டை வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். “என்ன மேடம், மோசடின்னு போட்டுடலாமா?”

“வேணாம். கஸ்டமர் குரல்தான்.”

“இப்பத்தானே மேஜையை ஒடைச்சீங்க?”

“இத்தனை வருஷமா உங்க கம்பெனியில பேசினது இந்தக் குரல், சண்டை போட்டது இந்தக் குரல், உங்க பாட்டைக் கேட்டுச் செத்தது இந்தக் குரல். அப்போ இதுதானே கஸ்டமர்?”

அவனுக்குப் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. “அப்போ மூடிடறேன்?”

“மூடுங்க. யார் வந்து கேட்டாலும் திறக்க முடியாத மாதிரி மூடுங்க.”

“அதுல எங்களை அடிச்சுக்க ஆளே இல்ல மேடம்” என்றான் பெருமையாக.

“ரெக்கார்டிங்?”

“நம்பர் போனா அதோட எல்லாம் அழிஞ்சிடும்.”

தட்டினான். மூடியது. என் வாழ்நாளில் ஒரு ஃபோன் கம்பெனி எனக்குச் செய்த ஒரே நல்ல சேவை.

வெளியே அக்கா எழுந்து நின்றார். வீட்டுக்காரரும் எழுந்தார்.

“என்ன பாப்பா, வந்துடுச்சா?”

“இல்லக்கா. மூடிட்டாங்க. இனி ஒண்ணும் பண்ண முடியாது.”

அதோடு முடிந்திருக்கும். டைக்கு அன்றைக்கென்று பணிவு பொங்கியது. அறை வாசலில் நின்று கையைக் கூப்பினான். “சரண்டர் பண்ணினது உங்க குரல்தான்னு உறுதி ஆயிடுச்சும்மா. எங்க சேவையைப் பயன்படுத்தினதுக்கு நன்றி!”

“என் குரலா? நான் இவனுங்களோட ஒரு நாளும் பேசினதே இல்லையே. எப்பவும் எனக்காக அவதானே...”

அக்கா நின்றுவிட்டார். அந்த முகத்தில் அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. சிக்கு விழுந்த நூலில் நுனி அகப்பட்டவர் போல மெல்லச் சிரித்தார்.

“கெட்டிக்காரி. என்னை மாதிரியே பேசுவா. நான்தான் பழக்கினேன்.”

நான் ரெக்கார்டிங்கைக் கேட்காமல் இருந்திருந்தால் இந்தப் பெண்மணி ஆயுள் முழுக்கக் கம்பெனியோடு மட்டும் மல்லுக்கட்டிக்கொண்டு இருந்திருப்பார். வழியைக் காட்டிக் கொடுத்தது என் கோபம்தான்.

“நம்பர் போனாப் போகட்டும்” என்றார் அக்கா. “நீ ஆளைத் தேடு. உங்க முதலாளிகிட்ட அப்பவே பேசி வச்சிருக்கேன், சரின்னுட்டாரு.”

“நான் தேட மாட்டேன்.”

“ஏன்?”

“மாட்டேன்.”

“நீ இல்லைன்னா இன்னொருத்தி. படிச்ச திமிரு. அவளுக்கும் இதேதான்.” ஒரு எட்டு முன்னால் வந்தார். என் தோளில் கிடந்த பின்னலை இரண்டு விரலால் எடுத்து, துணியின் தரம் பார்ப்பது போல உருட்டிப் பார்த்தார். “நல்ல நீளம்.”

மியூட் எங்களுக்கு நடுவில் வந்து நின்றான். ஒல்லிப் பயல். என்றாலும் நகரவில்லை.

அப்போது வீட்டுக்காரர் பேசினார்.

“வா, போலாம். தைக்க வேண்டியது அப்படியே கிடக்கு. பாபின் சுத்தி வச்சிருக்கேன்.”

அக்காவிடம்தான் சொன்னார். ஆனால் கண் என் மீது இருந்தது. பயந்த கண்தான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் தாழவில்லை. நிறைய சுத்தி வச்சிருக்கேன், பொண்ணை நீ பாத்துக்கோ என்று சொன்ன மாதிரி இருந்தது. நான் லேசாகத் தலையசைத்தேன். அக்கா துணிப்பையை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

என் கையில் ஏஜென்சி ஃபோன் அடித்தது. முதலாளி. அதற்குள் செய்தி போயிருக்காது. அடுத்த வேலையைப் பற்றிச் சொல்லக் கூப்பிடுகிறார். ஓடிப்போன ஒரு பெண்ணைப் பற்றி.

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றினேன். ஃபோனையும் அதையும் சேர்த்து மியூட்டின் உள்ளங்கையில் வைத்தேன்.

“எடுத்துப் பேசவா பாஸ்?”

“எடு. எடுத்து ஹோல்டுல போடு.”

“எவ்வளவு நேரம்?”

“உன்னால முடியுற வரைக்கும். அந்தப் பொண்ணு கொஞ்ச தூரம் போகட்டும்.”

பின்னால் மியூட் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கால் சென்டர் குரலில் தேன் ஒழுக, “வணக்கம், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது” என்று ஆரம்பிப்பது கேட்டது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நான் வெளியே நடந்தேன்.